அரங்கு நிறைந்த விழா

மனைவி ஏற்பாடு செய்திருந்த பணி ஓய்வு விழாவில் அரங்கு நிரம்பி வழிந்தது. மார்க்கெட்டிங் மேலாளர் மாலையும் கழுத்துமாக மேடையிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஈ காக்கா கூட வராதுன்னு நக்கலடிச்சியே, பாத்தியா கூட்டத்த?”

“தப்புதாங்க.”

“ஓடாத படத்துக்கு ஆள் வச்சு விசிலடிக்க வச்சேன். நுரையே வராத சோப்பை ஆள் வச்சுப் புகழ வச்சேன். தோத்துக்கிட்டே இருந்த டீமுக்கு ஆள் வச்சுக் கொடியாட்ட வச்சேன். எல்லாத்தையும் நிஜம்னு நம்புச்சே ஜனம், அதுக்கு மூளையே கிடையாது! ஆனா என்னை ஏமாத்த முடியுமா? முன் வரிசையில தேம்பித் தேம்பி அழறாங்களே, அந்தம்மாவப் பாரு. அது அசல் கண்ணீர்!”

அவர் விறைப்பாகப் படம் எடுத்துக்கொள்ளப் போனதும், அழுத அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் வந்தாள்.

“ஆபீஸ்ல ஒருத்தரும் வரமாட்டேன்னுட்டாங்க, அதான் உங்களைக் கூப்பிட்டேன். அடையாளம் கண்டுடுவாரோன்னு பயந்துட்டே இருந்தேன்,” என்று கிசுகிசுத்தாள் மனைவி.

“அவரா? விசிலடிச்சது, சோப்பைப் புகழ்ந்தது, கொடியாட்டினது எல்லாம் இதே நாங்கதானே! ஒரு நாளாவது எங்க மூஞ்சிய நிமிர்ந்து பாத்திருக்காரா? சரிக்கா, நாங்க கிளம்பறோம். நாலு மணிக்கு வேற எடத்துல சிரிக்கணும்.”