தோளில் பூட்ஸ்

தோளில் உதைத்துத்தான் சார்ஜன்ட் துரை எனக்கு வழி சொல்வான். கவச வண்டிக்குள் உட்கார்ந்து ஓட்டும் எனக்கு நாலு விரல் அகல இடுக்குதான் கண். அவன் மேலே தலையை நீட்டி, மெஷின் கன்னைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இடது தோளில் உதைத்தால் இடது பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு தோளையும் அழுத்தினால் நிறுத்த வேண்டும்.

மில் ஸ்ட்ரைக்கின்போது, பேசின் பிரிட்ஜில் பறந்து வந்த கருங்கல் ஒன்று அவன் மண்டையைப் பிளந்தது. நான் அழவில்லை. பிணத்தை இறக்கி லாரியில் ஏற்றிவிட்டு, வண்டியை ஷெட்டில் விடத் தனியாகக் கிளம்பினேன்.

பாலம் இறங்கியதும் இடது தோளில் உதை விழுந்தது. பழகிய கை திருப்பிவிட்டது. மறுபடி இடது. புளியந்தோப்பு வந்தது, எங்கள் சந்து வந்தது. இரண்டு தோளும் அழுந்தின. நிறுத்தினேன்.

இடுக்கில் என் மச்சான் ஜெயவேல் தெரிந்தான். அவன் ஸ்ட்ரைக்காரன்.

"த்தூ! பொறந்த சந்துக்கே துப்பாக்கி வண்டிய ஓட்டிகினு வந்துகீறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?"

"மேல யாரும் இல்ல மச்சான், காலி!"

என் தலைக்கு மேலே மெஷின் கன் இரும்பில் உராய்ந்து திரும்பியது. ஜெயவேல் அண்ணாந்து பார்த்தான். பிறகு மெதுவாக இரண்டு கைகளையும் தூக்கினான். வாசலில் நின்ற என் பெண்டாட்டி பட்டம்மாளும் தூக்கினாள். இடுப்பில் பிள்ளை இருந்ததால் ஒரு கையை மட்டும்.