தலையைக் கொடுத்தவர்

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா, எறக்கி விடு" என்று ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் பத்தாவது தடவையாகச் சொன்னார். கண்ணையும் மூக்கையும் விட்டுத் தலை முழுக்கக் கட்டு. தாடையையும் சேர்த்து இழுத்துக் கட்டியிருந்ததால் குரல் வாய்க்குள்ளேயே உழன்றது.

"தலையில அடிபட்டவங்க எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க" என்றாள் ஆம்புலன்ஸில் உதவியாளராக வந்த பெண்.

"அடியே படல. கட்டுப்போட்டுப் பழகட்டும்னு பசங்களுக்குத் தலையக் குடுத்தேன். வண்டிய நிழல்ல நிறுத்த ரோட்டுக்கு வந்தேன். எவனோ பாத்துட்டு உங்களுக்குப் போன் பண்ணிட்டான்."

"கதை கதையாவும் சொல்வாங்க. நம்பக் கூடாது, எந்திரிக்க விடக் கூடாதுன்னு எங்க சார் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு."

கழுத்துப் பட்டை, நெஞ்சுக்குக் குறுக்கே பெல்ட் என்று அவள் செய்த எதிலும் அவரால் ஒரு குறை சொல்ல முடியவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கண்ணை மூடிக்கொண்டார்.

"தூங்காதீங்க. என்ன வேலை பாக்கறீங்க, சொல்லுங்க."

"அந்தச் சாரே நான்தாம்மா. உனக்கு இந்தப் பாடத்த எடுத்ததே நான்தான்."

அவள் அவர் கையைப் பரிவோடு தட்டிக்கொடுத்துவிட்டு டிரைவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இன்னும் வேகமா போங்க. தான் யாருன்னே இவருக்கு மறந்துபோச்சு."