யாருக்கும் தெரியாமல் வேலை தேடும் முறை

மனித குலம் கண்டுபிடித்தவற்றில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்த இடம் தன்னுடைய வேலை தேடும் பக்கத்துக்குத்தான் என்று இஸ்ரேல் மனதார நம்பினான்.

திருத்தணியில் மலைக்குப் போகும் வேன்கள் ஹாரன் அடிக்கும் தெருவில், வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து அதை வடிவமைத்திருந்தான். ‘நாலுபேர்’ என்கிற சமூக வலைத்தளத்துக்காக. காலை வணக்கமும் கல்யாண போட்டோவும் போட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் இனி அதிலேயே வேலையும் தேடலாம்.

அவன் பக்கத்துக்கு ஒரே தத்துவம்தான். ஒருத்தன் வேலை தேடுவது இன்னொருத்தனுக்குத் தெரியக் கூடாது.

தத்துவம் பிறந்தது அவன் அம்மா தபிதாளின் போனில். சபையின் வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் தினமும் ஒரு அக்கா பேசி அனுப்புவார்: என் பிள்ளை வேலை தேடிகினு கீறான், ஜெபம் பண்ணிக்குங்க. ஊர்ப் பிள்ளைகளின் மானமெல்லாம் ஸ்பீக்கரில் மாடிப்படி ஏறி வரும். இதுக்கு ஒரு தமுக்கு வாங்கி பஸ் ஸ்டாண்டில் அடிக்கலாமே என்று இஸ்ரேல் கேட்பான். தபிதாள் ஆமென் சொல்வதில் மும்முரமாக இருப்பாள்.

இன்று அந்தப் பக்கத்தை மேலிடத்துக்குக் காட்ட வேண்டும்.

வடிவமைக்க இரண்டு பேர் இருந்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து ஒருவர் போதும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. யாருடைய பக்கம் தேறுகிறதோ, அவருக்கு வேலை.

இன்னொருவர் சென்னையில் இருக்கும் சினேகா. தேடுகிறவரின் போட்டோ மேலேயே ‘வேலை வேணும்’ என்று எழுதி வைத்திருந்தாள். அதைப் பார்த்துப் போன வாரம் இஸ்ரேல் புரையேறும் வரை சிரித்தான்.

அவள் காட்டி முடித்தாள். இவன் முறை.

வீடியோ கால் திரையில் ஐந்து முகங்கள். சோதனைக்காக ஆபீஸ் மொத்தமும் ஒரு வாரமாக அவன் வடிவமைத்த பக்கத்தில் வேலை தேடிக்கொண்டிருந்தது. யார் தேடுகிறார்கள் என்று பக்கத்து சீட்டுக்குக்கூடத் தெரியவில்லை. இஸ்ரேல் இதைச் சொன்னபோது ஒரு தலை ஆடியது. இன்னொன்றும் ஆடியது. அவனுக்கு மூச்சு சீராக வந்தது.

மேலாளர் மோகனப்ரியா கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார்.

“சரி இஸ்ரேல், இப்ப முதலாளி பக்கத்தத் திறங்க. நான் ஆள் எடுக்க வந்திருக்கேன்னு வெச்சுக்குங்க. யார் யார் தேடறாங்க?”

திறந்தான்.

‘தற்போது வேலை தேடுவோர் எவருமில்லை.’

மறுபடி திறந்தான். எவருமில்லை.

அத்தனை பேரையும் அவன்தான் ஒளித்து வைத்திருந்தான். சொந்தக்காரனிடமிருந்து, பக்கத்து வீட்டிலிருந்து, கூட வேலை செய்கிறவனிடமிருந்து. அந்த வேகத்தில், வேலை கொடுக்க வருகிறவனிடமிருந்தும்.

யாருடைய வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. நெட் கட்டாகிவிட்டால் பரவாயில்லை என்று தோன்றியது. தினம் இரண்டு தடவை செத்துப் பிழைக்கும் திருத்தணி நெட், அன்றைக்குப் பாறை மாதிரி நின்றது.

ரொம்பப் பத்திரமாக இருக்கிறது என்றார் மோகனப்ரியா. கலந்து பேசிவிட்டுச் சாயங்காலம் சொல்வதாகச் சொன்னார். முகங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. சினேகாவின் முகம் மட்டும் ஏதோ சொல்ல வந்தது போல ஒரு நொடி இருந்து, அதுவும் போனது.

இஸ்ரேல் எழுந்து கதவைச் சாத்தினான். ஜன்னலையும் சாத்தினான்.

அம்மா என்றைக்கோ அவனையும் அந்த ஜெபக் குழுவில் சேர்த்துவிட்டிருந்தாள். சத்தத்தை அணைத்து அடியில் தள்ளி வைத்திருந்தான். இப்போது தேடி எடுத்தான்.

மைக்கை அழுத்திப் பேசினான். அழித்தான். குரலைக் கொஞ்சம் கட்டையாக்கிக்கொண்டு மறுபடி பேசினான். தோத்திரம் என்றான். பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரனுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், டிசைன் வேலை, அது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேறொன்று கிடைக்க வேண்டும் என்றான்.

பெயர் எங்கேயும் வந்துவிடவில்லையே என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்து, அனுப்பினான். அனுப்பிய குரலுக்குப் பக்கத்திலேயே அவன் போட்டோ இருந்தது.

குழுவிலிருந்து முதல் பதில் குரலாகவே வந்தது. பின்னால் கடுகு வெடிக்கும் சத்தம்.

“ஆமென். அந்தத் தம்பிய கீழ எறங்கி வந்து சாப்டச் சொல்லுங்க.”