தந்தி கட்டாத கிட்டார்

விபத்துக்குப் பிறகு கிட்டார் பட்டறைக்காரரின் மனைவிக்கு இடது கை சரியாக மடங்கவில்லை. கிட்டாரைத் தொடுவதையே விட்டுவிட்டாள். அவள் பிடிக்குள் அடங்கும்படி கழுத்து மெலிந்த கிட்டார் ஒன்றை அவர் தேவதாருவிலும் கருங்காலியிலும் செய்தார். அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தந்தி கட்டுவது மட்டும் பாக்கி. காலையில் கிட்டாரை மூடியிருந்த துணியை விலக்கினார். முந்தின நாள் கழுத்தின் குறுக்கே, தந்தி அழுந்தும் இடங்களில் பதித்த ஃப்ரெட் என்னும் உலோகப் பட்டைகளில் மூன்றாவது மட்டும், பல வருடம் வாசித்ததுபோல் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. பிடுங்கிவிட்டு வேறு பதித்தார். மறுநாளும் அதே பள்ளம்.

சமையலறையில் இருந்த மனைவியிடம் போனார்.

"கிட்டார எடுத்தியாம்மா?"

"தந்தி இல்லாதத வச்சு என்ன, முதுகா சொறியப் போறேன்?"

அவள் விரல் நுனிகளைத் தொட்டுப் பார்த்தார். பஞ்சாக இருந்தன.

"எங்க, உங்க கையக் காட்டுங்க."

அவருக்கு ஒரு பாட்டும் வாசிக்கத் தெரியாது. அவருடைய இடது கை விரல் நுனிகள் காய்த்திருந்தன. ஒவ்வொன்றிலும் தந்தி அழுந்திய கோடு.

அவள் அந்தக் கோடுகளை மெல்லத் தடவினாள்.

"இவ்வளவு அழுத்தாதீங்க. என் பழைய கிட்டார நான் இப்படித்தான் கெடுத்தேன்."

சட்டைப்பையிலிருந்த தந்திப் பொட்டலத்தை அவர் எடுத்துப் பார்த்தார். அது இன்னும் பிரிக்கப்படவில்லை.