ஏழாவது தூண்

பேசிக்கொண்டே வந்த பிரமிளா ஏழாவது தூணுக்கு முன்னால் சட்டென்று நின்றாள்.

அதுவரை ஆங்கிலத்தில் சொல்லிவந்தாள். மண்டபத்தின் காலம், தூண்களின் அமைப்பு, உளி போன விதம் என்று எதிலும் தடுமாற்றம் இல்லை. கலை வரலாறு மூன்றாம் ஆண்டு. திருப்பதியில் அவள் படிக்கும் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கோயிலைப் பற்றி ஆய்வேடு எழுதினார்களோ அந்தக் கோயிலுக்கே மாணவர்களை அழைத்துப்போய்க் கடைசி வாய்மொழித் தேர்வை வைப்பார்கள். நான் வெளியிலிருந்து வந்த தேர்வாளன்.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தூணைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள். காலை வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது.

"சார், நான் எழுதுனது தப்பு" என்றாள். தமிழில்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தேர்வாளரிடமே தன் ஆய்வேடு தப்பு என்று சொன்ன மாணவரை இருபத்தாறு வருடத்தில் நான் பார்த்ததில்லை.

அந்தத் தூணில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு பெண் இருக்கிறாள். இடுப்பு ஒருபக்கம் சாய்ந்திருக்கும். வலது கை தலைக்கு மேலே போயிருக்கும். உச்சியில் பெரிய கொண்டை. நாட்டியமாடும் பெண் என்று பிரமிளா பதினான்காம் பக்கத்தில் எழுதியிருந்தாள்.

அது அவளாக எழுதியதும் அல்ல. பத்தொன்பது வருடங்களுக்கு முன் நான் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்தது. அடிக்குறிப்பில் என் பெயர் இருந்தது, ஆதிநாராயணன் என்று.

"இது கொண்டை இல்ல சார். சும்மாடு. துணிய முறுக்கி சுத்தி வெச்சிருக்கு, பாருங்க."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொண்டை என்று நான் நினைத்த உருண்டையில் முறுக்கிய துணியின் வரிகள் ஓடின. என் பழைய புகைப்படத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் அவற்றை அழித்திருந்தது. அதற்கு மேலே கல் உடைந்த தடம். அங்கே ஏதோ இருந்திருக்கிறது. தூக்கிய கை அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"மேல கூடை இருந்திருக்கும் சார். மண்ணோ கல்லோ. ஆடுறவங்க பாதத்த இப்டி அழுத்தி வெக்க மாட்டாங்க. எங்கம்மா நூறுநாள் வேலையில மண்ணு தூக்கிக்கினு போவும்போது இப்டித்தான் காலு ஊனும்."

பாதங்களைப் பார்த்தேன். ஐந்து விரல்களும் விரிந்து தரையைக் கவ்வியிருந்தன. பக்கத்துத் தூணில் இருக்கும் தேவியின் முகத்துக்குக்கூட அந்தச் சிற்பி இவ்வளவு பொறுமை காட்டவில்லை.

இந்த மண்டபத்துக்குக் கல் சுமந்தவளை, சிற்பி இந்த மண்டபத்திலேயே நிற்க வைத்திருக்கிறான். பத்தொன்பது வருடமாக அவளை ஆடவிட்டது நான்தான்.

வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. இப்படி ஒரு கண்ணைப் பார்க்கத்தான் நான் இத்தனை வருடம் கோயில் கோயிலாகத் தேர்வு நடத்தப் போய்க்கொண்டிருந்தேன் என்று பட்டது.

ஆனாலும் ஒன்று உறுத்தியது. ஆய்வேட்டில் பதினொரு புகைப்படங்கள். பதினொன்றும் என் கட்டுரையில் வந்தவை. அவள் எடுத்தது ஒன்றுகூட இல்லை. களத்துக்கே போகாமல் எழுதியிருக்கிறாள் என்று முதல் பக்கத்தில் சிவப்பு மையில் குறித்து, ஐந்து மதிப்பெண் குறைப்பதாகவும் முடிவு செய்திருந்தேன்.

"ஒரே ஒரு தடவை நேர்ல வந்திருந்தா இது எப்பவோ உன் ஆய்வேட்டுல ஏறியிருக்குமே. திருப்பதியிலேர்ந்து ரெண்டு மணி நேரம்தானே? ஏம்மா வரல?"

குரல் கொஞ்சம் கடுமையாகவே வந்துவிட்டது.

அவள் எழுந்து மண்டபத்தின் மேற்குப் பக்கம் கையை நீட்டினாள். மதிலுக்கு அப்பால், புளியமரங்களுக்கு நடுவில் நீலநிறத் தண்ணீர்த் தொட்டி ஒன்று தெரிந்தது.

"அந்த டேங்க் பக்கத்துலதான் சார் எங்க வூடு."

எனக்குப் புரியவில்லை.

"எங்க தெருக்காரங்க உள்ள வர்றது இல்ல சார். வாசலோட சரி. இன்னிக்கு காலேஜு கார்ல உங்ககூட வந்து எறங்குனதால யாரும் ஒண்ணும் கேக்கல."

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல்தான் சொன்னாள்.

வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோயிலின் உட்புறத்தை, என்னுடைய மங்கிப்போன பதினொரு படங்களை வைத்துக்கொண்டு அவள் மூன்று வருடம் படித்திருக்கிறாள்.

சிவப்பு மையில் எழுதியதை அடித்தேன். கோடு இரண்டு முறை போட்டும் திருப்தி வரவில்லை.

சாவிக்காரர் ரங்கையா வந்து, முடிந்ததா என்று தெலுங்கில் கேட்டார். இன்னும் இருபத்தைந்து தூண்கள் பாக்கி என்றேன். தேர்வுக்கு இந்த ஒரு தூணே போதும் என்பது எனக்குத் தெரியும்.

பிரமிளா வாசல் பக்கம் திரும்பினாள். ரோட்டுக்கு அந்தப்புறம் துண்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி ஒருவர் நின்றிருந்தார். எங்கள் கார் வந்ததிலிருந்து அங்கேயேதான் நிற்கிறார். பஸ்ஸுக்கு நிற்கிறார் என்று நினைத்திருந்தேன்.

ரங்கையா என் முகத்தைப் பார்த்தார். நான் ஆய்வேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு எட்டாவது தூணுக்கு நகர்ந்தேன்.

"நைனா" என்று அவள் குரல் கொடுத்தாள். "செருப்ப அங்கயே வுட்டுட்டு உள்ள வா."