வயிற்றுப் பட்டன்

"சார், வயித்தைக் கொஞ்சம் உள்ள இழுங்க."

கிடங்கே ஒரு நொடி மூச்சை அடக்கியது. 'போற இடத்துல யார் தொப்பையைப் பத்தியும் வாயைத் திறந்துடாதே' என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லித்தான் காலையில் பயிற்சி கொடுக்க அவளை அனுப்பியிருந்தாள். கிடங்கு இன்சார்ஜின் முறை வந்ததும் வராததுமாக அதைத்தான் முதலில் திறந்தாள்.

இன்சார்ஜ் பேலட் டிரக்கின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, வயிற்றை எக்கினார். பேட்டரியில் ஓடும் வண்டி. முன்னால் நீட்டிய அதன் இரும்புக் கைகளில் சோப்புப் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. வயிறு உள்ளே போகவில்லை. வண்டிதான் போனது. அவரிடமிருந்து பிய்த்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பாய்ந்து நிற்க, உச்சியிலிருந்த பெட்டி பொத்தென்று விழுந்தது.

"பார்த்தீங்களா... மேடம்." மேடம் என்கிற சொல் அவர் தொண்டையில் சிக்கிக்கொண்டுதான் வெளியே வந்தது. "என்னைக் கண்டாலே ஓடுது. மத்தவங்க பிடிச்சா பசு மாதிரி நிக்குது."

"முன் ஜென்மத்துப் பகைண்ணே" என்றான் லோடுமேன் நெட்டை. மற்றவர்கள் ரேக்குகளுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு குலுங்கினார்கள்.

வண்டியை ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொடுத்து, ஓட்டிக் காட்டச் சொல்லி, தேறியவர்களின் ஹெல்மெட்டில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. நெட்டைக்குக்கூட ஒட்டியாயிற்று. ஸ்டிக்கர் இல்லாத இன்சார்ஜ் நாளையிலிருந்து மாடியில் உட்கார்ந்து பில் போட வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் உத்தரவு. மூட்டை தூக்கி மேலே வந்த மனிதருக்கு அது இடமாற்றம் இல்லை, நாடு கடத்தல்.

"கைப்பிடி நுனியில சிவப்பா ஒரு பட்டன் இருக்கே, அது எதுக்கு சார்?"

"ஹாரன்."

"அடிச்சுக் காட்டுங்க."

அவர் கட்டைவிரலால் அழுத்தினார். வண்டி மறுபடி துள்ளியது. சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க வண்டிக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டா இந்தப் பட்டன் உங்க வயித்துல முட்டும். முட்டினதும் வண்டி உங்களை விட்டுட்டு அந்தப் பக்கம் போயிடும். உங்க உசிரைக் காப்பாத்தத்தான் அது ஓடுது."

"அது சதா காப்பாத்திக்கிட்டே இருந்தா நான் எப்போ வேலை வாங்கறது?"

"நேரா நின்னு கட்டிப் பிடிக்காதீங்க. பக்கவாட்டுல நடங்க. கை நீளட்டும்."

அப்படியே செய்தார். வண்டி சாதுவாகக் கூடவே வந்தது. அதற்குள் எல்லோரும் தன்னையே பார்ப்பது தெரிந்து நெஞ்சை நிமிர்த்தினார்; நெஞ்சோடு தொப்பையும் நிமிர்ந்தது. வண்டி எடுத்தது ஓட்டம். பின்னாலேயே இவரும் ஓடினார்.

"டேய் நெட்டை, அந்த அட்டையைக் கொண்டா."

அவள் வாயைத் திறப்பதற்குள் அட்டைத் துண்டும் டேப்பும் வந்து சேர்ந்தன. பட்டன் அமுங்காதபடி அட்டையை அதன் மேல் வைத்து, பழகிய கையால் சரசரவென்று டேப்பைச் சுற்றினார். பிறகு ஓட்டினார் பாருங்கள், தேர் மாதிரி. ரேக்குகளுக்கு நடுவே வளைந்து, நெளிந்து, கிடங்கை ஒரு சுற்றுச் சுற்றி, அவள் எதிரில் கொண்டுவந்து நிறுத்தினார். விசில் பறந்தது.

"எப்படி?"

"எத்தனை நாளா இப்படி அட்டை ஒட்றீங்க?"

"வண்டி வந்த நாள்லேர்ந்து. நீங்க வர்றீங்கன்னுதான் இன்னைக்குப் பிச்சு வெச்சேன்."

"அந்த ரேக்குல முதுகை வெச்சு நில்லுங்க." நின்றார். "இப்ப வண்டி உங்க மேல வருது. எது நிறுத்தும்? அட்டையா?"

விசில் அடித்தவன் விரலை வாயிலிருந்து எடுத்தான். இன்சார்ஜ் ஹெல்மெட்டைத் தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"அப்போ ஸ்டிக்கர்..."

"கிடையாது."

"கொஞ்சம் பார்த்துப் போடும்மா. இத்தனை பேர் முன்னாடி மானம் போகுது."

"அம்மா கிம்மால்லாம் வேணாம், மேடம்னே கூப்பிடுங்க. மானம் போனா திரும்ப வாங்கிக்கலாம் சார். நீங்க போயிட்டா?" அவள் குரல் கொஞ்சம் உடைந்தது, உடைந்ததற்கும் சேர்த்துக் கோபப்பட்டாள். "எங்க வீட்ல முதல் டிகிரி நான். பொய்யா ஸ்டிக்கர் ஒட்டறதுக்கா என்னைப் படிக்க வெச்சாங்க?"

அவளே டேப்பைப் பரக்கென்று பிய்த்து, அட்டையைக் கசக்கிக் குப்பையில் எறிந்தாள்.

"ஒழுங்கா ஓட்டப் பழகிட்டு அடுத்த மாசம் கூப்பிடுங்க, வர்றேன். அதுவரைக்கும் மாடி."

ஸ்டிக்கர் சுருளைப் பைக்குள் திணித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஷட்டரைத் தாண்டி வெயிலில் இறங்கிப் போனாள்.

நெட்டைக்கு வெகு நேரம் வாய் மூடவில்லை.

"என்ன பேச்சுண்ணே இது. இதைப் பெத்த புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா கால்லயே விழுந்துடலாம்."

இன்சார்ஜ் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். எவ்வளவு துடைத்தும் சிரிப்பு போகவில்லை.

"விழுடா. நான்தான்."