எண்ணெய் காய்ந்த கண்

“என் கண்ணைக் கெடுத்தவன் எவன்னு எனக்குத் தெரியும்!” என்று ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பழைய மைக்ரோஸ்கோப் கத்தியது. நாளைக்கு அதை ஸ்டோர் ரூமில் போடப் போகிறார்கள். கிருமியின் மரபணுவைத் தேடும் புது மெஷினுக்கோ லேப் டெக்னீஷியன் கையால் தினமும் துடைப்பு, ஏசி. வயிறு எரியாதா?

மாத்திரை முடித்த கொத்தனார் சூசையின் ரத்தத்தில் இன்னும் மலேரியா இருக்கிறது என்றது மெஷின்.

“செத்த கிருமியோட மிச்சத்தை மோந்துட்டு ஊரைக் கூட்டுறியே! உயிரோட ஒண்ணுகூட இல்லடா!”

“சூசை காய்ச்சலோட வந்த அன்னைக்கும் இல்லைன்னுதானே சொன்னீங்க, அண்ணாச்சி? நான்தானே கண்டுபிடிச்சேன்?”

 மைக்ரோஸ்கோப்பின் லென்ஸில், கிருமி தெளிவாகத் தெரிய விடும் எண்ணெய் போன மாதத்திலிருந்து துடைக்கப்படாமல் காய்ந்து கிடந்தது.

“ஆமா, சொன்னேன். இந்த எண்ணெய்க்குள்ள என்ன தெரியும்? யோவ் டெக்னீஷியன், அவனைத் துடைக்கிற கையால என் கண்ணையும் ஒரு தடவை துடைச்சு விடுய்யா! அப்புறம் சூசை ரத்தத்தைக் கொண்டா!”